ஸர் ஆர்தர் காட்டன் துரை சரித்திரச் சுருக்கம்

மனிதர் பிறந்த ஊரைத் துறந்து பிறிதோர் ஊர் சேர்வது இரு வகைப்படும். கல்வி கருதியும் பொருளீட்டல் கருதியும் தாமே விரும்பிச் செல்வது ஒன்று. வயிற்றுக்கில்லாமல், இருந்தால் மடிவோம் என்றஞ்சிச் செல்வது மற்றொன்று. முன்னது ஒரு குடும்பத்துக்கு வளர்ச்சி; பின்னது ஓர் ஊருக்கே அழிவு. நம் அங்கத்தினருள் இவ்விரு வகையிலும் ஊர் விட்டவர்களின் வழித்தோன்றல்கள் உளர். ஒரே தேசத்துள், ஒரே ஆட்சியின் கீழ், ஒரு ஜில்லா ஜனங்களை வாவென்று அழைப்பதும், மற்றொரு ஜில்லா போவென்று துரத்துவதும் யாது காரணத்தால் என்னும் வினா நமக்குப் புதியதன்று. இவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் விடாது பற்றிநின்ற ஒருவருடைய சரிதத்தை நம் குடும்பத்தார் அனைவரும் அறிந்துகொள்ளுதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

ஆர்தர் தாமஸ் காட்டன் என்பவர் 1803-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். இவர் தந்தையார்க்குப் பதினொரு புத்திரர். அவருள் இவர் பத்தாமவர். பெருஞ்செல்வம் பங்குக்கு வாராத குடும்பத்திற் பிறந்தமையால், பதினைந்தாம் வயதிலேயே கிழக்கிந்தியக் கும்பினியாரின் ராணுவக் கல்விச்சாலையாகிய அடிஸ்கோம்பில் சேர்ந்து பயின்று, சென்னை இஞ்சினீயர் படையில் உத்தியோகம் பெற்று, 1821-ல் சென்னை வந்திறங்கினார். அவரும் பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த இளைஞரே என்பதை நாம் மறத்தலாகாது. வந்த சில நாட்களில் தென்ஜில்லாக்களின் ஏரி மராமத்து இலாகாவிலும், பாம்பன் கால்வாயை அளந்தறியும் வேலையிலும் நியமிக்கப்பட்டார். பின்னர் 1824 முதல் 1826 வரை நடந்த பர்மா யுத்தத்தில் சேவித்துத் திரும்பி, 1828-ல் காவிரிப் பாசன வேலைகளின் பொறுப்பை ஏற்றார். அந்நாள் முதல் நீரே அவருடைய தியானமாயிற்று.

அக்காலத்துத் தஞ்சை நாட்டின் நிலை யாது? ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகின்றது. வடகிளையாகிய கொள்ளிடம் தாழ்ந்தும் நேராகவும் ஓடுவது. தென்கிளையாகிய காவிரி உயர்ந்தும் வளைந்தும் செல்வது. ஆகவே, வெள்ளம் ஆண்டுதோறும் கொள்ளிடத்தையே நாடிற்று. காவிரியின் வாய் மணலால் மேடிட்டது. அந்நிலை நீடித்திருப்பின் தஞ்சையின் வாய்க்கால்கள் பலவும் வறண்டு, குடிகள் ஊரைவிட்டு எழுந்திருப்பர் என்பதில் ஐயமில்லை. காட்டன் துரை 1836-ம் வருஷத்தில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும், கீழே அணைக்கரையில் கீழணையையும் கட்டுவித்தார். மேலணையால் காவிரி தன் நீரைப் பெற்றது. கீழணையால் வீராணம் ஏரியும் அதனைச் சார்ந்த தென்னார்க்காட்டு வயல்களும் உயிர்பெற்றன. அம்மேலணையின் ஒரு பகுதி 2018-ம் வருஷத்து வெள்ளத்தில் இடிந்து வீழ்ந்து, அதற்கருகே புதிய கதவணை எழுப்பப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். நூற்றெண்பது வருஷங்களுக்கு மேல் அது நின்று உதவியது.

இவ்வேலையில் அவர்க்கு ஆசிரியராய் அமைந்தது எது? நம் முன்னோர் கட்டிய கல்லணையே. ஆழத்துக்கு ஆழம் மணலாயுள்ள ஆற்றில் அடிப்பாறை அகப்படாவிடில் அணை நில்லாதென்பது அந்நாளிற் சீமைக் கல்வி கற்றோர் பலரின் எண்ணம். பெருங்கற்களை மணல்மீது இட, அவை அமிழ்ந்து அமிழ்ந்து ஓராழத்தில் நிலைத்துப் பின் அசையாவென்பதைக் கல்லணையிலிருந்து காட்டன் துரை கற்றுக்கொண்டார். கற்றதை மறைக்காமல் அவ்வாறு கற்றதாகவே எழுதியும் வைத்தார். பெயர் தெரியாத நம் நாட்டுக் கொத்தர்களும் ஒட்டர்களும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கண்ட உபாயத்தைக்கொண்டே, பின்னர் அவர் அதனினும் பெரிய நதியொன்றைக் கட்டினார். அந்நதி கோதாவரி.

கோதாவரியின் கதையைச் சொல்லுமுன் நந்தன வருஷத்துக் க்ஷாமத்தைச் சொல்லல் வேண்டும். 1832-33-ம் வருஷமாகிய அந்நந்தனத்தில் மழை பொய்த்தது. குண்டூர் ஜில்லாவில் இருந்த ஐந்து லட்சம் ஜனங்களில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதவர் மாண்டனர் என்று கணக்கிட்டார்கள். எஞ்சியோர் குழந்தைகளைத் தோளிலும் கூடையிலும் சுமந்து சென்னையை நோக்கி நடந்தனர். அவ்வழியெங்கும் பிணங்கள் கிடந்தன. அந்தோ! அவர்கள் நடந்த நாட்டில் ஒரு பக்கம் கிருஷ்ணை, மறுபக்கம் கோதாவரி என இரு பெருநதிகள் வெள்ளத்தைக் கடலுக்கு இறைத்துக்கொண்டிருந்தன. 1839-ல் கோரிங்கித் துறைமுகத்தைப் புயலும் கடலும் அழித்தன. இதற்கிடையில் சீமைத் துணியின் வரவால் அந்நாட்டு நெசவும் நலிந்தது. 1821-ல் ஏழு லட்சத்துக்கு மேலிருந்த ராஜமகேந்திரபுர ஜில்லாவின் ஜனத்தொகை, 1841-ல் ஐந்தரை லட்சத்தளவாகச் சுருங்கிற்று. மாண்டவர் போக, ஓடினவர் எத்தனை பேர் என்பதை எந்தக் கணக்கும் பிரித்துரைக்கவில்லை.

இந்நிலையை ஆராய்ந்த ஸர் ஹென்றி மாண்ட்கோமரி என்னும் அதிகாரியின் யோசனைப்படி, காட்டன் துரை 1844-ல் அந்நதியைப் பார்வையிட்டு அறிக்கை எழுதினார். அதிற் கண்ட வாதம் எளியது. தஞ்சையின் ஆற்றைவிடக் கோதாவரி பெரிது; மண்ணும் தாழ்ந்ததன்று; உழைப்பவரும் சோம்பரல்லர். ஆயினும் தஞ்சை செழித்திருக்கிறது. கோதாவரி நாடு பாழாகிறது. வேற்றுமை மண்ணிலுமில்லை, மக்களிலுமில்லை. ஒன்றில் தலைமுறை தலைமுறையாக வாய்க்காலுக்கு முதல் போடப்பட்டது, மற்றொன்றில் போடப்படவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. ஓர் ஊரார் ஏழைகளாயிருப்பதற்கு அவர்களுடைய ஜாதியையும் குணத்தையும் காரணமாகச் சொல்லிவிடும் பேச்சு அந்நாளிலும் இருந்தது, இந்நாளிலும் அற்றுப்போகவில்லை. அப்பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நாம் கண்டதில்லை.

1847-ல் தவளேசுவரத்தில் அணைவேலை தொடங்கிற்று. அவ்விடத்தில் ஆறு, நடுவே தீவுகளோடு, நான்கு மைல் அகலம் பரந்தது. காட்டன் துரை கேட்ட இஞ்சினீயர்களிலும் கொத்தர்களிலும் சிறு பங்கே அவர்க்குக் கொடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் திரண்டனர். அவர்களைத் திரட்டி நடத்துவதில் வீணம் வீரண்ணா என்னும் ஆந்திரர் அவர்க்கு வலக்கையாய் நின்றார். வேலையின் நடுவில் வெயிலால் உடல் நலிந்து துரையவர்கள் ஆஸ்திரேலியா சென்று திரும்பவேண்டியதாயிற்று. அவரில்லாக் காலத்தில் ஆர் என்பவர் வேலையை நடத்தினார். 1852-ல் அணை முடிவுற்றது. அவ்வணையிற் பிரிந்த கால்வாய்கள் பாசனத்துக்கும் படகுப் போக்குவரவுக்கும் ஒருங்கே உதவுமாறு அமைக்கப்பட்டன. பின்னர் கிருஷ்ணை அணையும் 1855-ல் முடிந்து, இரு நதிகளின் கால்வாய்களும் இணைந்தன.

இதன் பயன் யாதென்பதைக் குடிக்கணக்கே கூறும். 1859-ல் ஜில்லாக்களின் எல்லைகள் மாற்றப்பட்டுக் கோதாவரி ஜில்லா என்பது ஏற்பட்டது. அதன் ஜனத்தொகை 1871-ல் 16 லட்சத்துக்குச் சிறிது மேலிருந்து, 1891-ல் 20 லட்சத்தைக் கடந்தது. நந்தனத்தில் ஜனங்கள் ஓடிப்போன அதே நாட்டுக்கு இப்பொழுது ஜனங்கள் நடந்து வரலாயினர். விசாகப்பட்டினத்து ஏழைகள் நடவுக்கும் அறுவடைக்கும் கூட்டங்கூட்டமாய் வந்து, சிலர் திரும்பினர், சிலர் தங்கிவிட்டனர். இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். வந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. நிலமுடையார் மேலும் உயர்ந்தனர். அவருடைய பிள்ளைகள் கல்வியிலும் வியாபாரத்திலும் முன்னேறினர். விசாகப்பட்டினத்து மேட்டுநிலங்களோ ஆளனுப்பும் நாடாகவே நின்றன. ஒரு பள்ளத்தை நிரப்பிய நீர் வேறொரு மேட்டை நனைக்கவில்லை.

இக்குறையைக் காட்டன் துரை அறியாதவரல்லர். சமவெளியின் கழிமுகங்களைப்போலவே உள்நாட்டு வறண்ட ஜில்லாக்களுக்கும் நீர் வேண்டுமென அவர் வாதித்தார். பிற்காலத்தில் ராயலசீமை என்று பெயர்பெற்ற கர்நூல், கடப்பை முதலிய இடங்களுக்குத் துங்கபத்திரையின் நீரைக் கொண்டுசெல்ல, அவருடைய தூண்டுதலால் 1858-ல் சென்னை நீர்ப்பாசனக் கால்வாய்க் கம்பெனி ஏற்பட்டது. அதன் பத்து லட்சம் பவுன் மூலதனத்துக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாகக் கவர்ன்மெண்டார் உறுதி கூறினர். சுங்கேசுலாவிலிருந்து கடப்பை வரை ஏறக்குறைய 190 மைல் நீளமுள்ள கால்வாய் வெட்டப்பட்டது. ஆயினும் வேலை செம்மையாக அமையவில்லை, செலவு மிஞ்சிற்று. கரிசல் நிலத்துக் குடிகளோ சோளமும் பருத்தியும் மழையைக்கொண்டே விளைத்துப் பழகியவராதலின், தீர்வை கொடுத்து நீர் வாங்க முன்வரவில்லை. கழிமுகத்து வண்டலில் பலித்த வித்தை கரிசல் மேட்டில் அப்படியே பலிக்கவில்லை. கம்பெனி நஷ்டமடைந்து, 1882-ல் கால்வாய் கவர்ன்மெண்டார் வசமாயிற்று. இது காட்டன் துரையின் கணக்குத் தவறிய இடமென்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் இத்தோல்வியைக் காட்டி, வறண்ட நாடுகளுக்குச் செலவிடுவதே வீண் என்ற முடிவுக்கு ஆட்சியாளர் வந்தது அதனினும் பெரிய தவறாகும்.

அதன் பலன் தாது வருஷத்தில் விளைந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் சென்னை ராஜதானியில் மாத்திரம் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டது. நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வழிவழியாக வந்த தாது வருஷக் கதைகள் இன்னும் நம் வீடுகளில் வழங்குகின்றன. 1871-க்கும் 1881-க்கும் இடையில் கர்நூல் ஜில்லா தன் ஜனங்களில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கை இழந்தது. நம் சேலம் ஜில்லா ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழந்தது. அதே பத்தாண்டுகளில் தஞ்சையும் கோதாவரியும் குறையவில்லை, பெருகின. ஒரே ராஜதானியில், ஒரே கவர்னரின் கீழ் இவ்வாறாயிற்று. சேலத்திலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் எலும்புக்கூடுகளாய் நடந்தவர்கள் சென்னையைச் சூழ்ந்தனர். பல்லாயிரவர் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயினர். க்ஷாம நிவாரணக் கூலிகளைக் கொண்டு சென்னைக்கருகே பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. பசித்து ஓடிவந்தவன் கையாலேயே படகு ஓடும் வழி அமைந்ததென்பது நம் நெஞ்சை உருக்குகின்றது.

ரெயில் இருந்ததே, அது உதவவில்லையா என்று கேட்கலாம். ரெயில் தானியத்தைக் கொணர்ந்தது. எண்ணற்ற உயிர்களையும் காத்தது. ஆனால் வேலையின்றிக் காசற்றுப்போன உழவன் ஸ்டேஷனில் அடுக்கிய மூட்டையைக் கண்ணாற் கண்டானேயன்றி, விலை கொடுத்து வாங்க இயலவில்லை. நீரோ அவனுக்கு அவன் ஊரிலேயே தானியத்தையும் கூலியையும் ஒருங்கே தருவது. இதுவே காட்டன் துரையின் வாதத்தின் உயிர்நிலை. கராச்சி முதல் கல்கத்தா வரையிலும், அங்கிருந்து கட்டாக், சென்னை வழியாகத் தெற்கிலும் நதிகளைக் கால்வாய்களால் இணைக்கவேண்டுமென்றும் அவர் கூறினார். 1878-ல் லார்டு ஜார்ஜ் ஹாமில்டன் தலைமையிற் கூடிய பார்லிமெண்டுக் கமிட்டியின் முன், எழுபத்தைந்து வயதினராகிய அவர் சாட்சி கூறினார். ரெயிலின் பயனை அவர் மிகக் குறைத்துப் பேசினார் என்பதும், படகுக் கால்வாயின் பயனை மிகைப்படுத்தினார் என்பதும் உண்மையே. கமிட்டியார் அவருடைய திட்டங்களை ஏற்கவில்லை. 1900-ம் வருஷம் வரையில் இந்திய ரெயில்களுக்குச் செலவானது 22 கோடி பவுனுக்கு மேல். பாசனத்துக்குச் செலவானது ஏறக்குறைய 2½ கோடி பவுன். இதனை ரமேஷ் சந்திர தத்தர் தம் பொருளாதார சரித்திரத்தில் எடுத்துக்காட்டியுள்ளார்.

அன்றியும், பாசன வேலைகளை வருமானம் தருவன என்றும், பஞ்சம் தடுப்பன என்றும் இரண்டாகப் பிரிக்கும் முறையும் அக்காலத்தில் வேரூன்றிற்று. வட்டி தேறும் வேலைக்குப் பணம் எளிதிற் கிடைத்தது. உயிர் காக்கும் வேலைக்கு அரிதிற் கிடைத்தது. கழிமுகங்களில் வட்டி தேறும், மேட்டுநிலங்களில் தேறாது. ஆகவே, இருந்த இடத்துக்கே மேலும் மேலும் சேர்ந்தது. இல்லாத இடம் ஆட்களை அனுப்பியது. காட்டன் துரையின் பெருவெற்றியாகிய கோதாவரி அணை மிகுந்த லாபம் தந்ததே, லாபம் தராத நாடுகளை ஆட்சியாளர் கைவிடுவதற்கு அளவுகோலாயிற்று என்பது விதியின் விளையாட்டாகும்.

துரையவர்கள் 1860-ல் உத்தியோகத்தினின்று நீங்கி, 1861-ல் ஸர் பட்டம் பெற்று, தம் தேசத்தில் டார்க்கிங் என்னும் ஊரில் வசித்தார். அந்த முதுமையிலும் சும்மா இருந்தாரில்லை. தம் தோட்டத்தில் ஆழக் கொத்திக் கோதுமை பயிரிட்டு, சிறு நிலத்தில் பெருவிளைவு காணும் வழியைச் சோதித்தார். 1899-ம் வருஷம் ஜூலை மாதத்தில், தொண்ணூற்றாறாம் வயதிற் காலமானார். பழைய அணைக்குப் பதிலாக 1970-க்குப் பின் கட்டப்பட்ட புதிய அணைக்கு அவர் பெயரே வழங்குகின்றது. ஏறக்குறைய 10 லட்சம் ஏக்கர் அதன் நீரால் விளைகின்றது. கோதாவரிக் கரையின் ஊர்கள் பலவற்றில் அவர் சிலை உண்டு. புஷ்கர காலத்தில் அவர் பெயர் சொல்லித் தர்ப்பணம் செய்யும் உழவரும் உண்டு.

எனினும் கதை இவ்வளவில் முடியவில்லை. 1937-ம் வருஷம் நவம்பர் மாதம் ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில், கிருஷ்ணை, துங்கபத்திரை நதிகளின் நீரில் ராயலசீமைக்கு முதன்மை தரவேண்டுமென்று அந்நாட்டுத் தலைவர்கள் கேட்டுப் பெற்றனர். மொழியால் ஒன்றாயினும் கழிமுகத்தாரின் செல்வத்தை அஞ்சியதே அதன் காரணம். 1956-ல் தெலுங்கு நாடு முழுவதும் ஒன்றாயிற்று. 2014-ல் தெலங்காணம் பிரிந்தது. நீரும் உத்தியோகமும் ஒரு பக்கமே சேர்ந்தன என்பது பிரிந்தோரின் முறையீடுகளிற் பெரியது. பாலமூர் என்னும் மகபூப்நகர நாட்டினர் தேசமெங்கும் மண்வேலைக்குச் சென்று அணைகளையும் கால்வாய்களையும் கட்டினர். அவர்கள் ஊரிலோ நீரில்லை. 2011-ம் வருஷம் மார்ச்சு மாதம் ஹைதராபாத்து ஏரிக்கரையில் எழுந்த கிளர்ச்சியில் சாய்க்கப்பட்ட சிலைகளுள் காட்டன் துரையின் சிலையும் ஒன்று. ஒரு கரையில் தர்ப்பணம் பெறுபவர் மற்றொரு நாட்டிற் சாய்க்கப்பட்டார். இதில் அவர்மீது குற்றமொன்றுமில்லை. சிலையைச் சாய்த்தவர்களின் மனக்கொதிப்பும் காரணமற்றதன்று. சமனின்றிச் செழித்த தேசத்தில் ஒருவன் நன்றியும் மற்றொருவன் வருத்தமும் ஒரே கல்லின்மீது வந்து விழுகின்றன.

இச்சரிதத்தால் நாம் அடையும் பாடம் யாது? வறண்ட ஊரிலிருந்து வந்தவனை இழிவாக எண்ணலாகாது என்பது முதலாவது. அவன் ஊருக்குப் போடாத முதலே அவனைத் துரத்தியது, அவன் சோம்பலன்று. நம் குலத்தாரும் ஒரு காலத்தில் அவ்வாறு நகரத்துத் திண்ணைகளில் மூட்டையோடு இறங்கியவர்களே. இன்று நம் கடைகளிலும் ஆலைகளிலும் வேலை தேடிவரும் வெளிஜில்லாவாரையும் வடநாட்டு இளைஞரையும் அவ்வெண்ணத்தோடு நடத்துவோமாக.

இரண்டாவது, லாபம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பது. நம்மில் செல்வமுடையோர் தம் தருமத்தை, தாம் குடியேறிய நகரத்துக்கே அளிக்கின்றனர். அங்கே மண்டபமும் பள்ளியும் ஏற்கெனவே பல உள. பூர்வீக ஊரில் ஏரி தூர்ந்து, மடை உடைந்து, வரத்துக்கால் முள்மண்டிக் கிடக்கின்றது. குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்தை நாம் முற்றும் மறந்தோம். ஒவ்வொரு குடும்பத்தாரும் கல்யாணச் செலவில் ஒரு சிறு பங்கை எடுத்துத் தம் ஊர் ஏரிக்கென ஒதுக்கினால், அவ்வூரிலுள்ள எல்லாச் சாதியாரும் அதன் நீரை உண்பர். நீர் சாதி பார்த்துப் பாய்வதில்லை. நம் தருமமும் அவ்வாறே பாய்தல் வேண்டும்.

மூன்றாவது, பிறநாட்டிற் கற்றதைப் பெருமைக்கு வைத்துக்கொள்ளாமல், பிறந்த மண்ணின் அறிவோடு சேர்த்து வழங்கவேண்டும் என்பது. சீமையிற் பயின்ற காட்டன் துரை கல்லணையின் காலடியில் அமர்ந்து கற்றார். நம் பிள்ளைகளில் இஞ்சினீயரும் கணக்கரும் பலராயுள்ளனர். அவர்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஏரிக்கரையில் ஒரு முறை நடந்து, மதகையும் கலிங்கையும் கண்டு, மடை பார்க்கும் முதியவரிடம் நின்று கேட்டுவரும்படி பெற்றோர் பழக்கவேண்டும். விரும்பிச் செல்பவரை நாம் தடுக்க வேண்டியதில்லை. அஞ்சி ஓடவேண்டிய நிலைமை எந்த ஊருக்கும் வாராதபடி செய்வதே நம் கடன். அக்கடனை நம் அங்கத்தினர் தத்தம் ஊரிலிருந்தே தொடங்குவார்களென்று நம்புகின்றோம்.